கீறல் விழுந்த சிங்கிள்களை மாற்றிவிடலாமா?

கேள்வி, மார்ச் 3

சித்தப்பா விட்டுப்போன அட்டைப்பெட்டி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. உள்ளே ஏழு அங்குல பாப் சிங்கிள்கள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டுகள், 60க்கு மேல் இருக்கும். பாதிக்கு உறை இல்லை. பல தட்டுகளில் கீறல். பாட்டெல்லாம் போனிலேயே கிடைக்கிறது. வைத்துக்கொள்வதென்றால், நல்ல நிலையில் இருக்கும் பிரதிகளாகப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். கீறல் விழுந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சேகரிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

மாற்றாதீர்கள். இப்போதைக்கு ஒன்றைக்கூட மாற்றாதீர்கள். காரணம் நீளமானது, நாளை எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

பாட்டெல்லாம் போனில் இருக்கிறது என்பது பாதிதான் சரி. போனில் கிடைப்பது பெரும்பாலும் ஆல்பத்தில் வந்த வடிவம். சிங்கிளில் வந்தது பல சமயம் வேறாக இருக்கும். வானொலிக்காகச் சுருக்கியிருப்பார்கள், முடிவை மெல்ல மங்கவிட்டிருப்பார்கள், குரலையும் வாத்தியங்களையும் கலந்த விதமே, மிக்ஸே, வேறாக இருக்கும். பீட்டில்ஸின் 'லெட் இட் பி' 1970இல் சிங்கிளாகவும் வந்தது, ஆல்பத்திலும் வந்தது. இரண்டிலும் நடுவில் வரும் கிட்டார் வாசிப்பு வேறு வேறு. சிங்கிளைக் கேட்டே பழகியவர் ஆல்பத்தைக் கேட்டால் அந்த இடத்தில் திடுக்கிடுவார். உங்கள் சித்தப்பா காதில் ஒலித்தது எந்த வடிவம் என்பது அவருடைய தட்டில்தான் இருக்கிறது.

அப்புறம், நடுவில் பெரிய ஓட்டையோடு சில தட்டுகள் இருக்கலாம். உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். காசு போட்டால் பாட்டு போடும் ஜூக்பாக்ஸுக்காக வந்த ஓட்டை அது. சின்னப் பிளாஸ்டிக் அடாப்டர் ஒன்றைப் பொருத்தினால் எந்த பிளேயரிலும் ஓடும்.

மார்ச் 4

சொன்னபடி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சிங்கிள்கள் எல்லாம் அக்காவுடையவை. மொத்தம் 41. நான் தொடலாம், போடக்கூடாது. போடுவது அவள்தான். தட்டின் விளிம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துத் தூக்குவாள், பாட்டு பதிந்த கோடுகளில் விரல் படாது. வெளிச்சத்துக்குச் சாய்த்து ஒருமுறை பார்ப்பாள், ஒருமுறை ஊதுவாள், அப்புறம்தான் வைப்பாள். முள் இறங்கியதும் பாட்டு வருவதற்கு முன்னால் ஒரு சின்ன 'கரகர' வரும். அந்த இரண்டு மூன்று விநாடியும் நான் மூச்சுவிட மாட்டேன்.

அதில் ஒரு பாட்டு. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு பாட்டு நல்லதா கெட்டதா என்று போய்விடும். 1978 ஜூன். அண்ணன் வேலைக்காக வெளிநாடு கிளம்பிய இரவு. வீட்டில் யாரும் தூங்கவில்லை. அக்கா அந்த ஒரு தட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். விடிகாலையில் கார் வந்து ஹாரன் அடித்தது. நான் வாசலுக்கு ஓடினேன். முழங்கால் மேசையில் இடித்தது. முள் தட்டின் குறுக்கே இழுபட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதன் பிறகு அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் ஒலித்த விதமே வேறு. இரண்டாம் சரணம் தொடங்கியதும் டக். டக். டக். நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் 45 சுழற்சித் தட்டு ஒரு சுற்றுக்கு 1.33 விநாடி எடுக்கும். குறுக்கே விழுந்த கீறல் சுற்றுக்கு ஒருமுறை முள்ளைத் தட்டும். எட்டு டக் வரை பாட்டு தாக்குப்பிடிக்கும். எட்டாவதில் முள் துள்ளி, கடந்துவந்த கோட்டிலேயே மறுபடி விழுந்துவிடும். ஒன்றரைச் சொல் மட்டும் ஓயாமல் வரும். கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி பேசாதே என்று ஆட்களைத் திட்டுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும், அது திட்டுவதற்கான சத்தம் இல்லை, தவிப்பான சத்தம். பாடுகிறவர் ஏதோ சொல்ல வந்து சொல்ல முடியாமல் நிற்பது போல இருக்கும். அக்கா ஆள்காட்டி விரலால் பிளேயரின் கையை, முள்ளைத் தாங்கும் கம்பியை, மயிரிழை தள்ளுவாள். பாட்டு நகர்ந்துவிடும். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கும்.

20 வருடம் கழித்து பெட்டி என் கைக்கு வந்தது. நீங்கள் இன்று நினைப்பதைத்தான் நான் அன்று நினைத்தேன். கீறல் இல்லாத பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பழையதை, பழைய தட்டுகள் வாங்குகிற ஒருவரிடம் இன்னும் பத்துப் பன்னிரண்டு தட்டுகளோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நல்ல பிரதியைப் போட்டேன். இரண்டாம் சரணம் வந்தது. உடம்பெல்லாம் காதாக உட்கார்ந்திருந்தேன். டக் வரவில்லை. சுத்தமான, அழகான பாட்டு. யாருடைய பாட்டோ.

மறுநாளே அந்த ஆளிடம் ஓடினேன். போய்விட்டது என்றார்.

அதனால்தான் மாற்றாதீர்கள் என்கிறேன்.

மார்ச் 5

ஒரு திருத்தம். பெரிய ஓட்டை ஜூக்பாக்ஸுக்காக வந்தது என்று எழுதியிருந்தேன். ஒருவர் தவறு என்று சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வது சரி. 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுழற்சி எல்பியை, அதாவது ஒரு பக்கத்தில் பல பாட்டு கொள்ளும் பெரிய தட்டை, கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, 1949 மார்ச்சில், ஆர்சிஏ விக்டர் 45 சுழற்சி ஏழு அங்குலத் தட்டோடு போட்டிக்கு இறங்கியது. தட்டோடு ஒரு பிளேயரையும் கொண்டுவந்தது. அதில் நடுக்கம்பி தடிமனாக இருக்கும், தட்டுகளை அதன்மேல் அடுக்கி வைத்தால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக விழும். அந்தத் தடித்த கம்பிக்காகத்தான் ஒன்றரை அங்குல ஓட்டை. ஜூக்பாக்ஸ்கள் பின்னால்தான் 45க்கு மாறின.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். ஆரம்பத்தில் ஆர்சிஏ ஒவ்வொரு வகை இசைக்கும் ஒரு நிறத்தில் தட்டு போட்டது. செவ்வியல் இசைக்குச் சிவப்பு, கன்ட்ரிக்குப் பச்சை, குழந்தைகளுக்கு மஞ்சள். பாப் பாட்டுக்குக் கறுப்பு. பிறகு கறுப்புதான் நிலைத்தது.

மார்ச் 8

"பழைய கீறலைக் கட்டிக்கொண்டு அழுவது இசைக்குச் செய்யும் மரியாதையா? பாடினவர் டக் டக் என்றா பாடினார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இரண்டு நாளாக யோசித்தேன்.

எனக்கும் ஒரு தட்டுக்கும் எந்தப் பழக்கமும் இல்லை, பாட்டுக்காக மட்டும் வாங்குகிறேன் என்றால் நல்ல பிரதிதான் வாங்க வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. தேய்ந்த தட்டு பாட்டைத் திருடிவிடும். அதுவும் ஏழு அங்குலத் தட்டில் கடைசிப் பகுதி ஏற்கெனவே கஷ்டப்பட்டுத்தான் ஒலிக்கிறது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் விளிம்பில் முள்ளுக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் கோடு ஓடுகிறது, உள்ளே லேபிளை நெருங்கும்போது சுமார் 25தான். அதே இசையைக் குறைந்த இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. பாட்டின் உச்சம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும், அங்கேதான் ஒலி பிசிறடிக்கும். அதன்மேல் தேய்மானமும் சேர்ந்தால் கேட்கவே முடியாது.

ஆக, நல்ல பிரதி வாங்குங்கள். ஆனால் பழையதற்குப் பக்கத்தில் வையுங்கள், பதிலாக வைக்காதீர்கள். மார்ச் 3 அன்று "மாற்றாதீர்கள்" என்று ஒரே அடியாக எழுதியதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்.

மார்ச் 9

சிங்கிளின் மறுபக்கமான பி பக்கத்தை யாரும் பேசவில்லையே. பெட்டி வைத்திருப்பவரே, நீங்கள் போட்டுப் பார்க்கத் தொடங்கினால் பி பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஏ பக்கம் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. பி பக்கம் அந்தத் தட்டை வாங்கியவருக்கு மட்டும் தெரிந்த பாட்டு. ஆல்பத்தில் இடம்பெறாமல் சிங்கிளின் முதுகில் மட்டும் வாழ்ந்த பாடல்கள் எத்தனையோ.

சில பி பக்கங்கள் ஏ பக்கத்தையே தள்ளிவிட்டு முன்னால் வந்தும் இருக்கின்றன. பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்' 1954இல் பி பக்கமாகத்தான் வந்தது. அடுத்த ஆண்டு ஒரு திரைப்படத்தின் தொடக்கத்தில் ஒலித்த பிறகுதான் உலகமெங்கும் போனது. குளோரியா கேய்னரின் 'ஐ வில் சர்வைவ்' 1978இல் அப்படித்தான் வெளிவந்தது, நடன அரங்குகளில் தட்டு போடுகிறவர்கள் திருப்பிப் போட்டுப் போட்டே அதை ஏ பக்கம் ஆக்கினார்கள்.

எங்கள் 41இல் ஒரு தட்டு உண்டு, ஏ பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், பி பக்கம் சாம்பல் பூத்திருக்கும். கறுப்புத் தட்டு சாம்பல் நிறமாவது முள் பலமுறை ஓடித் தேய்ந்த அடையாளம். அக்கா எதைக் கேட்டாள் என்று அவளைக் கேட்கவே வேண்டாம். உங்கள் சித்தப்பாவின் தட்டுகளையும் அப்படிச் சாய்த்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சாம்பல் பூத்திருக்கிறதோ அதுதான் அவர் பாட்டு.

மார்ச் 12

கழுவுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

காய்ச்சி வடித்த நீர், மென்மையான துணி, கோடு போகும் திசையிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது. லேபிளில் நீர் படக் கூடாது. வெயிலில் காயவைக்காதீர்கள், வளைந்துவிடும். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், சாயவும் விடாதீர்கள். மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள். பல வருடம் ஒட்டிக் கிடந்தால் தட்டின் மேல் பனி படிந்த மாதிரி ஒரு மங்கல் வரும், அது கழுவினால் போகாது. காகித உறையே மேல்.

எல்லா சிங்கிளும் வினைல் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் வந்தவற்றில் நிறைய பாலிஸ்டைரீன். வினைலைவிட விறைப்பாக இருக்கும், விரலால் தட்டினால் ஒலி கொஞ்சம் கணீரென்று வரும், வளைத்தால் உடைந்துவிடும். புது முள்ளில் அருமையாக ஒலிக்கும், தேய்ந்த முள்ளில் சீக்கிரம் பாழாகும். சந்தேகமாக இருந்தால் எந்த ரசாயனமும் வேண்டாம், நீர் மட்டும். பெட்டியின் அடியில் 78 சுழற்சித் தட்டு ஏதாவது இருந்தால் ஆல்கஹால் கலந்த திரவத்தை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அது அரக்கு. நான் ஒருமுறை துடைத்தேன், துணி கறுப்பாகிவிட்டது. துணியில் வந்தது அழுக்கு இல்லை, பாட்டு.

மார்ச் 16

தட்டு எந்த வருடத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் இன்று வந்த கேள்வி.

1970களின் தொடக்கத்துக்குப் பிறகு வந்த தட்டு என்றால் லேபிளின் ஓரத்தைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'பி' எழுத்து, பக்கத்தில் ஒரு வருடம். அந்த ஒலிப்பதிவு முதலில் வெளியான வருடம் அது. உங்கள் கையில் இருக்கும் பிரதி பிற்பாடு அச்சானதாக இருக்கலாம், ஆனால் அந்த வருடத்துக்கு முன்னால் யாரும் அந்தப் பதிவைத் தட்டில் வாங்கியிருக்க முடியாது. அதற்கும் பழைய தட்டுகளில் இது இருக்காது. அங்கே பட்டியல் எண்ணையும், லேபிளைச் சுற்றி இருக்கும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் வைத்துத்தான் தேட வேண்டும்.

உதாரணத்துக்கு என்னுடையது ஒன்றை எடுத்து எழுதுகிறேன். மார்ச் 4 அன்று சொன்னேனே, அதே பாட்டு.

மார்ச் 16, அரை மணி கழித்து

1980 என்று இருக்கிறது.

மார்ச் 16, இரவு

பாட்டு வெளிவந்ததே 1980இல்தான். வேறு இடங்களிலும் சரிபார்த்துவிட்டேன். அண்ணன் கிளம்பியது 1978 ஜூன். அதில் தவறு இல்லை, நான் அப்போது எந்த வகுப்பில் இருந்தேன் என்பது வரை நினைவிருக்கிறது.

அப்படியென்றால் அந்த இரவில் அக்கா போட்டது எது? என் முழங்கால் இடித்தது எதை?

அந்த லேபிளை நூறு முறையாவது பார்த்திருப்பேன். வருடம் கண்ணில் பட்டிருக்கும், மனதில் ஏறவில்லை. மார்ச் 4 குறிப்பை அழிக்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும். நான் நம்பியது அதுதான்.

மார்ச் 19

அக்காவிடம் போனில் பேசினேன். நேரே கேட்டேன், அண்ணன் போன ராத்திரி நீ என்ன பாட்டு போட்டாய் என்று.

"அன்னிக்குப் பாட்டே போடலடா. முள்ளு உடைஞ்சு கிடந்துது. ஒரு மாசமா யாரும் மாத்தல."

அந்த இரவில் எங்கள் வீட்டில் பாட்டே இல்லை.

கீறலைப் பற்றிக் கேட்டேன். நான்தான் இடித்தேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். இரண்டு மூன்று வருடம் கழித்து, இந்த வருடமும் வர முடியாது என்று அண்ணனிடமிருந்து கடிதம் வந்த நாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடிதத்தைப் படித்து முடித்தவள் முள்ளைத் தூக்கக்கூட இல்லை, பிளேயரின் கையைப் பிடித்து அப்படியே இழுத்திருக்கிறாள். நான் கதவருகில் நின்றேனாம். நடுங்கிப்போய் நின்றேனாம்.

"நீ பண்ணினதுன்னு நெனச்சியா? இத்தன வருஷமா?"

அதற்குப் பிறகுதான் கேட்டாள், அந்தத் தட்டு இப்போது எங்கே என்று.

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

மார்ச் 20

தூக்கம் இல்லை, எழுதிவிடுகிறேன்.

எனக்குப் புரிந்தவரை, கேட்ட சத்தம் உண்மை. முள் குறுக்கே இழுபட்டதை நான் கேட்டேன், பயந்தேன், அதற்கும் அண்ணனுக்கும் தொடர்பு இருந்தது. கார், ஹாரன், முழங்கால் எல்லாம்கூட உண்மையாக இருக்கலாம், வேறொரு நாளில். அண்ணன் போனதையும் அண்ணன் வராததையும் என் மனம் ஒரே இரவில் கொண்டுபோய் வைத்துவிட்டது. நடுவில் ஒரு பாட்டையும் வைத்துவிட்டது, பாட்டே இல்லாத வீட்டில்.

சேகரிப்பவர்கள் எல்லாரும் இதைச் சொல்வோம், தட்டு நினைவுகளைச் சுமந்திருக்கிறது என்று. நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. தட்டு என் நினைவைச் சுமக்கவில்லை. லேபிளில் 1980 என்று போட்டுக்கொண்டு, என் பேச்சுக்குத் தலையாட்டாமல் இருந்தது. நான்தான் அதைப் படிக்கவில்லை.

இதில் என்னை அறுப்பது வேறு. நான் கொடுத்துவிட்டது என் கீறல் என்று நினைத்துக் கொடுத்தேன். அது அக்காவுடையது. அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 21

"நாற்பது வருடக் குற்ற உணர்வு தீர்ந்ததே, சந்தோஷப்படுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல மனதோடு எழுதியிருக்கிறார், நன்றி. சந்தோஷம் இன்னும் வரவில்லை. அக்கா விரலால் பிளேயரின் கையைத் தள்ளும்போது என் பக்கம் திரும்பாததற்கு நான் வைத்திருந்த அர்த்தம் முழுக்கத் தவறு என்பது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உறைக்கிறது. அவள் என்னைத் தண்டிக்கவில்லை. தான் செய்ததைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாள்.

மார்ச் 28

பெட்டிக்காரர் பி பக்கங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார், நல்ல செய்தி. 11 தட்டுகளின் லேபிளில் நீல மையில் 'ஜெ' என்று ஒரு எழுத்து இருக்கிறதாம். சித்தப்பாவின் பெயர் அந்த எழுத்தில் தொடங்கவில்லையாம், சித்தியின் பெயரும் இல்லையாம். யாருடையது, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

ஒன்றும் செய்ய வேண்டாம், பதினொன்றையும் ஒன்றாக வையுங்கள். லேபிளில் பெயர் எழுதுவது நாலு பேர் கூடும் இடத்துக்குத் தட்டு கொண்டுபோகிறவர்களின் வழக்கம், திரும்பி வரும்போது மாறிவிடக் கூடாது என்று. அதனால் அந்த 11 தட்டுகளும் ஒருமுறையாவது வீட்டைவிட்டு வெளியே போனவை. இரவல் வாங்கியதாக இருக்கலாம், பரிசாக இருக்கலாம், திருப்பிக் கொடுக்காமல் விட்டதாக இருக்கலாம். எது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். நான் முடிவு கட்டியதன் பலனைத்தான் மேலே படித்தீர்களே. சித்தியிடம் கேளுங்கள், அந்தக் காலத்து நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். சீக்கிரம் கேளுங்கள்.

சந்தையில் லேபிளில் எழுத்து இருந்தால் தட்டுக்கு மதிப்பு குறைவு. தரம் பிரிக்கும்போது ஒரு படி இறக்கிவிடுவார்கள். விற்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. எனக்கு அந்த எழுத்துதான் முதலில் வேண்டும்.

வெற்று வளையத்தையும் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண்ணோடு சில சமயம் சொற்களும் இருக்கும். ஜார்ஜ் பெக்கம் என்ற பிரிட்டிஷ் வெட்டுக் கலைஞர், அதாவது மூலத்தட்டில் இசைக்கோட்டை வெட்டுகிறவர், தான் வெட்டியவற்றில் 'எ போர்க்கி ப்ரைம் கட்' என்று கையாலேயே பொறித்துவைப்பார். போர்க்கி என்பது அவருடைய பட்டப்பெயர். எழுத்தின் சாய்வில் ஒரு மனிதரின் கை தெரியும். முதல்முறை அதைப் பார்த்தபோது யாரோ தோளில் தட்டியது மாதிரி இருந்தது எனக்கு.

மார்ச் 28, மறுபடி

விட்டுப்போனது. "ஒரு தட்டில் பியானோ அழுகிற மாதிரி ஏறி இறங்குகிறது, பிளேயர் பழுதா?" என்று கேட்டிருந்தீர்கள். மற்ற தட்டுகள் சரியாக ஓடுகின்றன என்றால் பிளேயரில் பழுதில்லை. நடு ஓட்டை மையத்தில் விழவில்லை. ஒரு மில்லிமீட்டர் விலகினாலே போதும், ஒவ்வொரு சுற்றிலும் சுருதி ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும். குரலில் அவ்வளவாகத் தெரியாது, நீட்டி ஒலிக்கும் பியானோவில் தெரிந்துவிடும். அதே பாட்டின் வேறு பிரதியில் இது இருக்காது. உங்கள் சித்தப்பாவுக்கு அந்தப் பாட்டு எப்போதும் அழுதுகொண்டேதான் கேட்டிருக்கும்.

மார்ச் 31

எத்தனை தட்டு வைத்திருக்கிறேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 200க்குக் கொஞ்சம் மேலே. ஒரு காலத்தில் இதைவிட மூன்று மடங்கு இருந்தது. ஒரு வருடத்தில் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த எல்லா சிங்கிள்களையும் சேர்ப்பது என்று இறங்கி, சேர்த்தும் முடித்தேன். வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, பாதிக்குமேல் எனக்குப் பிடிக்காத பாட்டு. கொடுத்துவிட்டேன். அந்தக் கொடுத்ததில் எந்த வருத்தமும் இல்லை. இப்போது ஒரு தட்டை எடுத்தால் அதைப் பற்றி இரண்டு நிமிடமாவது பேச முடிய வேண்டும், இல்லாவிட்டால் வாங்குவதில்லை.

ஏப்ரல் 6

அக்கா நேற்று வந்திருந்தாள். வந்ததும் பெட்டியைத்தான் கேட்டாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். விளிம்பைப் பிடிப்பது, சாய்த்துப் பார்ப்பது, ஊதுவது எல்லாம் அப்படியே இருக்கிறது. விரல் மட்டும் கொஞ்சம் நடுங்குகிறது.

என் கையிலிருந்த நல்ல பிரதியை நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்து எடுத்தாள். "இதுவா அது?" என்றாள். இதுதான் பதிலுக்கு வாங்கினது என்றேன். லேபிளைத் திருப்பிப் பார்த்தாள், வருடத்தையும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. போடு என்றாள். நீயே போடு என்றேன்.

முதல் சரணம் முழுக்கச் சேர்ந்து முணுமுணுத்தாள். மூன்று நிமிடம் இருபது விநாடிப் பாட்டு அது, தட்டு 150 முறை சுற்றும். இரண்டாம் சரணம் தொடங்கியதும் முணுமுணுப்பு நின்றது. நான் அவளைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று. எந்த டக்கும் வரவில்லை, வராது என்று தெரியும், இருந்தாலும் எண்ணினேன். ஏழு வந்தபோது அக்காவின் ஆள்காட்டி விரல் எழுந்து பிளேயரின் கைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

தொடவில்லை. பாட்டு அந்த இடத்தைக் கடந்து போன பிறகும் விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.